மறு: செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குத் தமிழில் எது?

வணக்கம் நண்பர்களே,

> செமி என்றால் அரை, ஆட்டோமேட்டிக் என்றால் தானியங்கி. "அரைத்தானியங்கி" என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான், ஆனால் "அரை" என்றதும் எதில் பாதி என்ற கேள்வி வருகிறது, அந்தச் சொல்லுக்குள் அதற்குப் பதில் இல்லை. இந்தத் துப்பாக்கியை உருவாக்கப் பாடுபட்டவர்கள் யாரும் பாதி வேலை செய்யும் கருவி ஒன்றைத் தேடவில்லை. சுட்ட பிறகு குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழைப் பின்னுக்கு இழுத்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி, மறுபடி பூட்டுவது வரை சிப்பாய் கையால் செய்துகொண்டிருந்த அத்தனையையும் துப்பாக்கியே செய்ய வேண்டும், விசையை இழுப்பது மட்டும் அவனிடமே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால் என் பரிந்துரை "தானேற்றி", முழுதாகச் சொன்னால் "தானேற்றித் துப்பாக்கி".

இதற்கான ஆற்றல் எங்கிருந்து வரும் என்பதில்தான் அந்தக் காலத்தில் பெரிய போராட்டமே. இயந்திரத் துப்பாக்கிக்குப் பேர்போன ஹிரம் மாக்சிம் 1880களிலேயே, சுடும்போது தோளில் இடிக்கும் பின்னுதைப்பை வைத்து, கையால் இயக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியைத் தானாக இயங்க வைக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அப்போது தோட்டாக்களில் இருந்த கரிமருந்தால் சுட்டால் புகைக்கரி எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும், நுணுக்கமான பொறி அதில் நெடுநேரம் ஓடாது. பிரான்சில் பால் வியேல் 1884இல் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த யோசனைக்கு உயிர் வந்தது.

அப்புறம் ஆளுக்கொரு வழி. டென்மார்க்கின் பாங், குழல்வாயில் நகரும் மூடி ஒன்றை மாட்டினார். குண்டு வெளியேறியதும் பின்னால் வரும் வாயு அந்த மூடியை முன்னே தள்ளும், மூடியோடு சேர்ந்த தண்டு தாழைத் திறக்கும். அமெரிக்காவில் கேரண்ட் முதலில் இன்னும் விசித்திரமான இடத்தில் கைவைத்தார்: தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி சுடும்போது துளியளவு பின்வாங்கும் அல்லவா, அந்த அசைவையே பிடித்துத் தாழைத் திறக்கப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு வாயுவுக்கு மாறினார். அதே நாட்டின் பெடர்சன் மடங்கும் முட்டி போன்ற பூட்டு ஒன்றைச் செய்தார், வெற்றுக்கூடு சிக்காமல் வர அவர் தோட்டாக்களுக்கு மெழுகு பூச வேண்டியிருந்தது. ஜெர்மனியில் பால் மவுசர் இப்படி ஒரு சோதனையில் 1901இல் ஒரு கண்ணையே இழந்தார்.

இவற்றில் என் வாதத்துக்கு நேராக உதவுவது மெக்சிகோவின் மோந்திராகோன். ஸ்விட்சர்லாந்தின் சிக் (SIG) நிறுவனத்தில் செய்து, 1908இல் மெக்சிகோ ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. தாழின் கைப்பிடியில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அதை மாற்றி வைத்தால், வாயு தள்ளித் தாழை இயக்கும் உந்துதண்டோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும், பிறகு பழைய துப்பாக்கி மாதிரி ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்றிச் சுடலாம். இரண்டு நிலையிலும் குழல் அதே, தோட்டா அதே, ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு என்பதும் அதே. மாறுவது ஏற்றும் வேலை யாருடையது என்பது மட்டும். இந்தத் துப்பாக்கியின் அடையாளம் அந்த ஒரு மாற்றத்தில் இருக்கும்போது பெயரும் அதைத்தானே சொல்ல வேண்டும்? முதல் உலகப் போரில் இதே துப்பாக்கியை ஜெர்மானியர் வாங்கினார்கள். பதுங்குகுழிச் சேற்றில் சரிப்படவில்லை, விமானத்தில் போகிறவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் வைத்த பெயரின் பொருளே விமானியின் தானேற்றிக் குறுந்துப்பாக்கி என்பதுதான். ரஷ்யர்களும் டோக்கரேவின் துப்பாக்கியைத் தானேற்றி என்ற பொருளில்தான் பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களோ தங்கள் 1917 மாதிரித் துப்பாக்கியை "தானியங்கி" என்றே அழைத்தார்கள், அதுவும் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான், விசையை அழுத்தியபடி இருந்தால் தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கி அல்ல. மற்ற மொழிகளிலேயே பெயர்கள் இப்படிக் கலந்து கிடக்கும்போது ஆங்கிலச் சொல்லை மட்டும் பிரித்துப் பிரித்துப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இன்னொன்று, நம் ஊர்க் காவலர்கள் எஸ்.எல்.ஆர். என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்த அந்தத் துப்பாக்கியின் பெயர் விரிவும் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் என்பதுதான். ஆக, பொருள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, தமிழ் வடிவம்தான் பாக்கி.

> "தன்னேற்றி" என்று இருக்கலாமே, தன்னாட்சி, தன்னிறைவு போல?

யோசித்தேன். ஆனால் தன்னேற்றி என்றால் தன்னையே எதிலோ ஏற்றிக்கொள்வது போல ஒலிக்கிறது. தானியங்கி ஏற்கெனவே ஊன்றிய சொல், தானேற்றி அதன் பக்கத்தில் பொருத்தமாக உட்காரும், மின்னேற்றி என்று சொல்கிறவர்களுக்கு "ஏற்றி"யும் புதிதல்ல. "ஒற்றைச்சூட்டுத் துப்பாக்கி" என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு தோட்டா மட்டும் கொள்ளும் பழைய வேட்டைத் துப்பாக்கியும் அதே பெயருக்குள் வந்துவிடும், குழப்பம் இன்னும் கூடும்.

ரஷ்யாவின் ஃபியோதரவ் 1916இல் கொண்டுவந்த துப்பாக்கி இரண்டு விதமாகவும் சுடும், தனித்தனியாகவும் தொடர்ச்சியாகவும். அதைத் தானேற்றியில் சேர்க்க வேண்டாம், தானியங்கியிலேயே இருக்கட்டும்.

சரி, அடுத்து. துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்கு இலங்கைத் தமிழில் "ரவைக்கூடு" என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் கேரண்டின் எம்1 துப்பாக்கியில் 8 தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த இரும்புப் பட்டை உள்ளேயே போய், கடைசிக் குண்டோடு வெளியே துள்ளி விழும். அது கூடு அல்ல, தோட்டாக்களைக் கவ்விப் பிடிக்கும் துண்டு. "தோட்டாக்கவ்வி" சரிவருமா? இலங்கை நண்பர்கள் அங்கே அதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.