பேச்சில் கவர்ந்தவரா, வேலையைச் சரியாகச் செய்தவரா: யாரை எடுப்பது?

கேள்வி: கணக்குப்பிள்ளை

எங்கள் கணக்குப் பிரிவில் ஓரிடம் காலி. கடைசிச் சுற்றில் இருவர் நிற்கிறார்கள். முதலாமவர் அறைக்குள் வந்ததுமே எல்லோரையும் கவர்ந்துவிட்டார். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. இரண்டாமவர் ஒவ்வொரு கேள்விக்கும் சற்று நேரம் மேசையையே பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்திருந்தோம். பில்களைக் கூட்டிப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரே பில் எண் இரண்டு தேதிகளில் வரும்படி நானே வைத்திருந்தேன். முதலாமவர் இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டார். இரண்டாமவர் அந்த வரிகளைப் பென்சிலால் வளைத்து, “விற்றவரிடம் கேட்காமல் இதைக் கூட்டக் கூடாது” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குழுவில் மற்ற மூவரும் முதலாமவர் பக்கம். “நம்மோடு ஒத்துப்போவார்” என்கிறார்கள். எந்த விஷயத்தில் என்று கேட்டால் பதில் இல்லை. மூவரும் நல்லவர்கள், என் மதிப்புக்குரியவர்கள். அவர்களிடம் எதைச் சொல்வது?

பதில்: ஆளெடுப்பில் மூத்தவர்

அவர்கள் பொய் சொல்லவில்லை, ஐயா. மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ஆராய்ந்து எழுதினார். உடல்வாகு, அறிவு, தலைமைத்திறன், ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டும், ஒன்றில் உயர்ந்தவருக்கு மற்றவற்றிலும் மதிப்பு உயர்ந்தே இருந்தது. உங்கள் முதலாமவரின் சரளமான பேச்சு அவருடைய கூட்டல் பிழையையும் மறைத்துவிட்டது.

பரிகாரமும் பழையதே. உளவியலாளர் டேனியல் கானமன் தம் இருபது வயதுகளின் தொடக்கத்தில், 1950களில், இஸ்ரேல் ராணுவத்துக்கு ஒரு நேர்காணல் முறை வகுத்தார். ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதிய கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது. எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காண்பவர்கள் கொதித்தார்கள். சரி, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக இருப்பார் என்று நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். அந்த மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்தது! ஆகவே உள்ளுணர்வை விரட்டச் சொல்லாதீர்கள், கடைசியில் பேசவிடுங்கள். உங்கள் மூவரிடமும் அது முதலில் பேசிவிட்டது, அவ்வளவுதான்.

பதில்: எண்கள் பார்ப்பவள்

மேலே சொன்னதற்குத் துணையாக ஒன்று. பழைய ஆய்வுகளை 2022இல் உளவியலாளர் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் மறுபடி கணக்கிட்டார்கள். பின்னாளில் வேலையில் எப்படி இருப்பார் என்பதோடு, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணலுக்கு உள்ள தொடர்பு 0.42, மனம்போனபடி கேட்பதற்கு 0.19 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). முதலாவதும் 1-ஐ எட்டவில்லை என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பயிற்சித்தாளையும் அளவோடு நம்புங்கள். ஒரு தாளில் ஒரு பிழைதானே அகப்பட்டது?

பதில்: மறுபக்கத்தில் இருந்தவன்

நானும் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்பவன்தான். கேள்வி புரியாமல் இல்லை. தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை. அந்தத் தாமதத்தைத் திறமைக்குறைவு என்று எழுதி என்னை அனுப்பியவர்கள் உண்டு. அண்ணா, அவரை மறுபடி அழைத்து, அந்தப் பென்சில் குறிப்பைப் பற்றியே பேசச் சொல்லுங்கள். தன் வேலையைப் பற்றிக் கேட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேச்சு வரும். முதலாமவரிடமும் அந்த இரண்டு வரிகளைக் காட்டிக் கேளுங்கள், அதுதான் நியாயம். உடனே புரிந்து திருத்திக்கொள்பவராக இருந்தால் அவரும் வேண்டியவர்தானே.

கேட்டவர்: கணக்குப்பிள்ளை

மூவருக்கும் நன்றி. இருவரையும் மறுபடி அழைக்கக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரே கேள்விகள், மதிப்பெண்களை ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, பிறகுதான் பேச்சு. தலைப்புகளில் கவனம், சந்தேகம் வந்தால் கேட்கும் பழக்கம், பிழையைச் சொன்னால் ஏற்கும் மனம், காலக்கெடு என்று நான்கு வரை வந்திருக்கிறோம். “ஒத்துப்போவது” என்பதையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். அதை அளக்க என்ன கேள்வி கேட்கலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.