கார் ரிப்பேருக்கு நகையை வைப்பதா, காரையே விற்பதா?

கயல்_சரவணம்பட்டி
கோவையில் இருக்கிறோம். எங்களுடையது 2016 மாடல் டீசல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,30,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன வாரம் சத்தி ரோட்டில் இழுவை குறைந்து, பின்னால் கரும்புகை கக்கி, அப்புறம் ஓரம் கட்டவே பெரும்பாடாகிவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனோம். எஸ்டிமேட் ₹1,22,000. டர்போ (என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புவது) 44,000, நாலு இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது) 52,000, கிளட்ச் செட் 13,000, மீதி லேபர், ஆயில், மற்றவை.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 66,000. வாடகை 13,000. பையனின் முதல் டெர்ம் ஃபீஸ் 38,000, ஜூன் 10க்குள் கட்ட வேண்டும். அதே மாதம் கரண்ட் பில்லும் வரும். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சரியாக அசையாது, மாதம் இரண்டு முறை பீளமேடு வரை பிசியோவுக்கும் டாக்டரிடமும் கூட்டிப் போகிறோம். கையில் இருப்பது 40,000 மட்டும். கார் வியாபாரி ஒருவர் இப்படியே எடுத்துக்கொள்கிறேன், 1,60,000 தருகிறேன் என்கிறார். நகையை வைத்து ரிப்பேர் செய்வதா, கார்டில் இ.எம்.ஐ. போடுவதா, கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதா? கணவர் ரிப்பேர் என்கிறார், எனக்கு விற்றுவிடலாம் என்று தோன்றுகிறது.

நொய்யல்கரை
விற்றுவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பத்து வருடப் பழைய டீசல் வண்டி. இன்று டர்போ, அடுத்த வருடம் ஏ.சி. கம்ப்ரசர், அதற்கடுத்து சஸ்பென்ஷன் என்று வரிசையாக நிற்கும். 1,60,000 கையில் வந்தால் ஸ்கூல் ஃபீஸ் இன்றைக்கே முடிந்தது, மீதி 1,22,000 பேங்கில் இருக்கும். மாமனாரைக் கூட்டிப் போக மாதம் இரண்டு தடவை கால் டாக்ஸி வைத்தால் போக வர 700 என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 1,400. காருக்கு இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் வருடக் கணக்கில் கூட்டி 12 ஆல் வகுத்துப் பாருங்கள், டீசல் போடாமலேயே அதைவிட அதிகம் வரும். நீங்கள் வேலைக்குப் போக டவுன் பஸ் இருக்கிறது, 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் ஒரு கட்டாயம் என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

19ஸ்பேனர்
நொய்யல்கரை அண்ணா, கோபம் சரி, கணக்கு சரியில்லை. இருபது வருடமாக டீசல் வண்டி பிரிக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஓடாத வண்டியை விற்பதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். அந்த வியாபாரி 1,60,000க்கு எடுத்து, வெளியில் 60,000க்குள் சரி பண்ணி, 3 லட்சத்துக்கு ஓட்டிவிடுவார். அந்த லாபத்தை ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும்?

கயல் அக்கா, அந்த எஸ்டிமேட்டை எடுத்துப் பாருங்கள். "நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும்" என்று எந்த டெஸ்டை வைத்துச் சொன்னார்கள்? ஸ்கேனரில் எரர் கோட் (கோளாறு எண்) வந்தால் மட்டும் போதாது. லீக் பேக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் தனித்தனி பாட்டிலில் விட்டு எதில் டீசல் அதிகம் திரும்பி வருகிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் கெட்டிருக்கும். அதையும் டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் போட்டு நாசில், வால்வு மாற்றிக் கொடுப்பார்கள். டர்போவும் அப்படித்தான். ஷாஃப்ட் ஆட்டம் கண்டிருந்தால் உள்ளே சுழலும் பாகத்தை, அதாவது 'கோர்' என்பதை மட்டும் மாற்றலாம், வெளிக்கூடான ஹவுசிங் நன்றாகத்தான் இருக்கும். கம்பெனியில் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், முழு அசெம்ப்ளியாகத்தான் மாற்றுவார்கள், அது அவர்கள் முறை, ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இன்னொன்று, ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22லிருந்து 18 சதவீதம். எஸ்டிமேட்டில் எங்காவது பழைய 28 நிற்கிறதா என்றும் பாருங்கள்.

தாளவாடி_டிரைவர்
ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? கிளெய்ம் போட்டால் என்ன?

லெட்ஜர்
கிடைக்காது தம்பி. ஃபுல் கவர் என்றாலும் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் மாதிரியானவற்றுக்குத்தான். தேய்மானத்தாலும் மெக்கானிக்கல் கோளாறாலும் வரும் செலவை பாலிசியே விலக்கி வைத்திருக்கிறது. விபத்து நடந்ததாகச் சொல்லி கிளெய்ம் பண்ணலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், சர்வேயர் வந்து பார்ப்பார், பொய் கிளெய்ம் வம்பில் முடியும்.

முன்யோசனை
இப்படிச் சொல்வதற்கு மன்னிக்கவும். பழைய கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தச் செலவு ஒருநாள் வரத்தான் போகிறது. மாதம் 3,000 ஆர்.டி. போட்டிருந்தால் மூன்று வருடத்தில் ஒரு லட்சம் தாண்டியிருக்கும், இன்று நகைப் பேச்சே வந்திருக்காது. 66,000 வருமானத்தில் 3,000 எடுத்து வைக்க முடியாதவர்கள் கார் வாங்கியிருக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

ரெண்டு_பிள்ளை_அம்மா
முன்யோசனை சார், அந்த அக்கா இன்றைக்கு என்ன செய்வது என்று கேட்கிறார், நீங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறீர்கள். பக்கவாதம் வந்த மனிதரை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மருந்து, டயப்பர், பிசியோ, இடையில் ஒரு காய்ச்சல் வந்தால் அட்மிஷன், ஆர்.டி. எல்லாம் முதல் மாதத்திலேயே உடைந்துவிடும். சேமிக்கத் தெரியாதவர்கள் மாதிரி பேசுவது எனக்கு வலிக்கிறது.

கயல், ஃபீஸ் விஷயத்தில் ஒன்று. ஸ்கூலில் நேரே போய் எழுத்தில் கேளுங்கள், 38,000ஐ இரண்டு மூன்று தவணையாகக் கட்டுகிறோம் என்று. வருடத் தொடக்கத்தில் நிறைய பேர் கேட்கிறார்கள், பல ஸ்கூலில் ஒத்துக்கொள்கிறார்கள். தனியார் ஸ்கூல் கட்டணத்தை நிர்ணயிக்கவே 2009 சட்டப்படி கமிட்டி இருக்கிறது, உங்கள் ஸ்கூலுக்கு என்ன தொகை நிர்ணயித்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டுப் போங்கள்.

முன்யோசனை
நோயாளி இருக்கும் வீடு என்பதால்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன் அம்மா. அவசரத்துக்கு வைத்திருக்கும் நகையைக் காருக்கு வைத்துவிட்டால், நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எதை வைப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள். நான் நொய்யல்கரை பக்கம், விற்பதே மேல்.

கயல்_சரவணம்பட்டி
சண்டை வேண்டாம், எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். முன்யோசனை கேட்ட கேள்விதான் எனக்கும் ராத்திரி தூக்கம் வராமல் செய்கிறது. மொத்தம் எட்டு பவுன்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கணவர் எலெக்ட்ரிக்கல் பேனல் வேலை எடுத்துச் செய்கிறார், குறிச்சி, மலுமிச்சம்பட்டி பக்கம் சைட். டூல்ஸ், கேபிள் ரோல் எல்லாம் காரின் பின்சீட்டில்தான் போகும். பஸ்ஸில் நான் போய்விடுவேன், அவரால் முடியாது.

19ஸ்பேனர்
பாருங்கள், அப்படியானால் அது வெறும் வீட்டுக் கார் இல்லை, சம்பாதிக்கிற வண்டி. ஒவ்வொரு தடவையும் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) வாடகைக்கு எடுத்தால் ஆயிரத்துக்குக் குறையாமல் கேட்பார்கள். நொய்யல்கரை அண்ணாவின் 1,400 கணக்கு இங்கேயே உடைந்துபோச்சு.

நொய்யல்கரை
உடையவில்லை. சைட்டுக்கு லோடு தினமுமா போகிறது? வாரத்தில் ஒரு நாள் என்றால் மாதம் 4,000, டாக்ஸியோடு சேர்த்து 5,400. கார் வைத்திருக்கும் செலவும் டீசலும் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். மற்ற நாளில் கைப்பையில் டூல்ஸ் வைத்து பைக்கில் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஓடாத நிலையில் விற்றால் நஷ்டம் என்று நீங்கள் சொன்னது நியாயம், அதை ஏற்றுக்கொள்கிறேன். குறைந்த செலவில் ஓட வைத்து, ஓடுகிற வண்டியாக உடனே விற்கட்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சின்ன டீசல் என்ஜின்களைப் பல கம்பெனிகள் நிறுத்திவிட்டன, மைலேஜுக்காக அந்தப் பழைய வண்டிகளைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருடம் போகப் போக அந்த விலையும் இறங்கும், 15 வருடம் நெருங்கினால் ஆர்.சி. புதுப்பிக்கும் தொல்லை வேறு.

லெட்ஜர்
பணத்தை எங்கே புரட்டுவது என்பதைப் பேசுவோம், அதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 60,000 தேவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கார்டு பில்லில் மினிமம் மட்டும் கட்டி உருட்டினால் மாதம் மூன்றரை வட்டி, வருடத்துக்கு 42 சதவீதம், அதைத் தொடவே வேண்டாம். அதே கார்டில் 15 சதவீதத்தில் 12 மாத இ.எம்.ஐ. போட்டால் வட்டி சுமார் 4,990, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 5,880 பக்கம் வரும், பிராசசிங் கட்டணம் தனி. பேங்கில் நகைக்கடன் ஒன்பதரை சதவீதம் என்றால் மலிவு என்று நினைப்போம், ஆனால் வருட முடிவில் அசலும் வட்டியுமாக மொத்தமாகக் கட்டினால் வட்டி 5,700. ஏறக்குறைய இரண்டும் ஒன்றுதான்! நகைக்கடனில் லாபம் வர வேண்டுமானால் மாதாமாதம் அசலிலும் கட்டிக்கொண்டே வர வேண்டும், அப்படிச் செய்தால் வட்டி 3,150க்குள் முடிந்துவிடும். நகையை வைக்கும்போதே, இடையிடையே அசலில் கட்டலாமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

தெருமுனை அடகுக் கடைக்குப் போகாதீர்கள், ரெண்டு வட்டி என்று சாதாரணமாகச் சொல்வார்கள், அது வருடத்துக்கு 24. அப்புறம், தங்க விலை ஏறியிருப்பதால் எட்டு பவுனையும் கொடுங்கள், நிறைய தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். தேவைக்கு ஒன்றோ ஒன்றரை பவுனோ போதும், மீதி வீட்டிலேயே இருக்கட்டும். முன்யோசனை கேட்ட ஆஸ்பத்திரிக் கேள்விக்கு என் பதில் இதுதான். மாமனார் பெயரில் முதல்வர் காப்பீட்டு அட்டை எடுக்கத் தகுதி இருக்கிறதா என்றும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

முன்யோசனை
ஒரு பவுனோடு நிற்கும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிற்காது என்பதுதான் என் பயம்.

கயல்_சரவணம்பட்டி
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். காரை கணபதியில் ஒரு டீசல் மெக்கானிக்கிடம் மாற்றினோம். லீக் பேக் டெஸ்ட் பண்ணினார், இரண்டு இன்ஜெக்டர்தான் மோசம், அவற்றுக்கு 11,000. டர்போ கோர் 16,500, கிளட்ச் 13,000, லேபர் 9,000, ஆயில் ஃபில்டர் எல்லாம் 4,500. மொத்தம் 54,000. ஸ்கூலில் ஃபீஸை இரண்டு தவணையாக ஒத்துக்கொண்டார்கள், ஜூனில் 19,000, ஆகஸ்டில் மீதி. ஆக இந்த மாதம் 73,000 வேண்டும், கையில் இருக்கும் 40,000 போக 33,000க்கு மட்டும் நகை. ஒரு வளையலைத்தான் வைக்கிறோம், மாதம் 3,000 அசலில் கட்ட கணவர் ஒப்புக்கொண்டார்.

விற்பதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தீபாவளி வரை ஓட்டிப் பார்ப்போம் என்கிறார் அவர்.

நொய்யல்கரை
தீபாவளிக்கு முன் விற்றால்தான் விலை. இப்போதே விளம்பரம் போட்டு வையுங்கள் என்பேன். கையிருப்பு எல்லாம் காலியாகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

19ஸ்பேனர்
நல்ல வேலை அக்கா, எந்தக் கம்ப்ளைன்ட்டும் இல்லாமல் ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ போடும் அன்று உங்கள் கணவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். டர்போவுக்கு ஆயில் வரும் பைப்பில் கரி அடைத்திருக்கும், அதைப் புதிதாக மாற்ற வேண்டும், பழையதைச் சுத்தம் பண்ணிப் போட விடாதீர்கள். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து உள்ளே தேங்கிய ஆயிலை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆயிலை என்ஜின் இழுத்துச் சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். ஆயில் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுதான் வேண்டும். ஸ்டார்ட் பண்ணியதும் ரேஸ் பண்ணாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடச் சொல்லுங்கள். பழைய பார்ட்ஸை வாங்கிக்கொண்டு, கோருக்கும் இன்ஜெக்டருக்கும் எத்தனை மாத வாரண்டி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.