ஆக்‌ஷன் படத்தின் முதல் 4 நிமிடம் 20 விநாடி: ஷாட்டையும் ஒலியையும் எப்படிப் பிரித்து எழுதுவது?

அல்சூர் மாணவி:
பெங்களூரில் மீடியா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு ஆக்‌ஷன் படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்து, கேமரா, ஒலி இரண்டையும் அலசி 1500 சொற்களில் எழுத வேண்டும். படத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு ஹீரோ பக்கம் போய்விடும், அதனால் காட்சியை மட்டும் சொல்கிறேன். நள்ளிரவு, மழை, துறைமுகக் குடோன். ஷட்டர் ஏறுகிறது. மினுக்கி எரியும் டியூப்லைட்டுக்குக் கீழே ஆறு பேர். கைச்சண்டை, பிறகு துப்பாக்கி. நாயகன் முகம் கடைசி ஷாட்டில்தான் தெரிகிறது. மொத்தம் 4 நிமிடம் 20 விநாடி.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், கட் விழும் இடங்களைத் தானே கண்டுபிடிக்கும் சீன் கட் டிடெக்‌ஷன் ஓட்டினேன், 212 கட் காட்டியது. 260 விநாடியை வகுத்தால் ஷாட்டுக்குச் சுமார் 1.2 விநாடி. பார்க்கும்போது அவ்வளவு வேகமாகத் தெரியவில்லையே, இது சரியா? ஒலிப் பகுதியில் ‘விறுவிறுப்பான பின்னணி இசை’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. கையில் லேப்டாப்பும் ப்ளூடூத் இயர்பட்ஸும் இருக்கின்றன.

எடிட் மேசை:
212ஐ நம்பாதீர்கள். மென்பொருளுக்குக் கட் என்றால் என்னவென்று தெரியாது. அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையே படம் எவ்வளவு மாறியது என்பதைத்தான் அது கணக்கிடுகிறது. டியூப்லைட் அணைந்து எரிந்தாலும் அதற்குக் கட், துப்பாக்கி முனையில் தீ பளிச்சிட்டாலும் கட். உங்கள் காட்சியில் இரண்டும் இருக்கின்றன. விப் பேனுக்குள்ளோ (கேமரா சட்டென்று பக்கவாட்டில் திரும்பும் அசைவு), ஒருவர் முதுகு லென்ஸை மறைக்கும் கணத்திலோ ஒளித்து வைத்த கட்டை அதே மென்பொருள் கோட்டைவிடும். ஆகவே அது குறித்த ஒவ்வொரு இடத்தையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திச் சரிபார்த்தே தீர வேண்டும். எம்பிவி பிளேயரில் புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே வரும்.

கோப்பு ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் எடுத்ததா? அப்படியானால் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கியிருக்கும், டைம்கோடு (நேரக் குறி) போகப் போக விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்வு செய்து மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க் கிடைத்தால் அதுவே நல்லது.

மொத்தத்துக்கும் ஒரே சராசரி எழுதுவதில் பயனில்லை. உள்ளே நுழைவது, கைச்சண்டை, துப்பாக்கி, முகம் என்று நான்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சராசரி போடுங்கள். வேகம் எங்கே மாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கைச்சண்டையில் இன்னொன்றும் பாருங்கள். விநாடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் அசைவு 9 சதவீதம் வேகமாகும். அடிப்பவர் கையில் இது தெரியாது, விழும் மழைத்துளியிலும் சட்டை மடிப்பிலும் காட்டிக்கொடுக்கும். அடி விழும் இடத்தில் கட் இருந்தால், கட்டுக்கு முந்தைய கடைசி ஃபிரேமையும் அடுத்த முதல் ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கை இருந்த இடத்திலிருந்து சற்றுப் பின்னால் போய்த் தொடங்கினால் அசைவை இரட்டித்திருக்கிறார்கள், முன்னால் குதித்திருந்தால் இடையில் ஃபிரேம்களை உருவியிருக்கிறார்கள். முதலாவது அடிக்குக் கனம் சேர்க்கும், இரண்டாவது வேகம் சேர்க்கும்.

ஆர்.ஆர். அறை:
முதலில் அந்த இயர்பட்ஸைக் கழற்றி வையுங்கள். ப்ளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லிவிநாடி வரை தாமதமாவது சகஜம். சில பிளேயர்கள் அதை ஈடுகட்டும், சில கட்டாது. 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிவிநாடி. அடியும் சத்தமும் ஒரே ஃபிரேமில் விழுகிறதா என்று பார்ப்பவருக்கு நான்கைந்து ஃபிரேம் பிசகினால் எழுதியதெல்லாம் தப்பாகிவிடும். நம்ம ஊர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரண வயர் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினாலே போதும். லேப்டாப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், லவுட்னஸ் ஈக்வலைசேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை மெல்லிய ஒலியை உயர்த்தி, காட்சியில் இருக்கும் மேடு பள்ளத்தைச் சமன் செய்துவிடும்.

தியேட்டருக்கான 5.1 சரவுண்ட் மிக்ஸை ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது சப்வூஃபருக்கான தனி சேனல் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். துப்பாக்கி வெடிப்பில் தியேட்டரில் நெஞ்சில் இடிப்பது அந்த 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிதான். லேப்டாப்பில் கேட்டுவிட்டு ‘வெடிச்சத்தம் மெலிந்திருக்கிறது’ என்று எழுதினால், குறை உங்கள் கருவியுடையது, மிக்ஸருடையது அல்ல. பெங்களூர் ஊர்வசி தியேட்டர் மாதிரி நல்ல ஒலியமைப்புள்ள அரங்கில் ஒரு ஆக்‌ஷன் படம் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

இனி வேலை. சினிமா ஒலி பற்றி எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன் சொன்ன மூடிப் பார்க்கும் முறைதான் இதற்குச் சரி: ஒருமுறை ஒலியை அணைத்துப் படம் மட்டும், ஒருமுறை திரையை மூடி ஒலி மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து. ஒலி மட்டும் கேட்பதையே முதலில் செய்யுங்கள், படம் மனதில் பதிந்துவிட்டால் காது சோம்பிப்போகும். கேட்கும்போது ஆம்பியன்ஸ் (மழை, டியூப்லைட் ரீங்காரம்), ஃபோலி (காலடி, துணி), எஃபெக்ட்ஸ், குரல், ஆர்.ஆர். (பின்னணி இசை) என்று ஐந்து வரிசை போட்டு, ஒவ்வொன்றும் எந்த விநாடியில் நுழைகிறது, எதில் வெளியேறுகிறது என்று குறியுங்கள். வெளியேறுவதுதான் முக்கியம். மழை திடீரென்று நின்றால் யாரோ ஒருவர் யோசித்து ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இறக்கியிருக்கிறார்.

அடுத்து, ஆள் திரையில் இல்லாமலே கேட்கும் ஒலி ஏதாவது உண்டா? நாயகன் முகத்தை நான்கு நிமிடம் மறைத்திருக்கிறார்கள் என்றால், காதுக்கு அவரை ஏதாவது ஒன்றால் அடையாளம் காட்டியிருப்பார்கள். அதைத் தேடுங்கள்.

ஒரு குத்து ஒரே சத்தம் அல்ல. காற்றைக் கிழிக்கும் ‘விஷ்’, தோலில் விழும் அறை, கீழே ஒரு கனத்த ‘தும்’, தேவைப்பட்டால் எலும்பு முறியும் ஒலி. இந்த முறியும் ஒலி பல நேரம் செலரித் தண்டை ஒடித்துப் பதிவு செய்தது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும்) பார்வைக்கு மாறினால் இவை உயரம் உயரமாகத் தனித்துத் தெரியும்.

அதே படம் கன்னட டப்பிங்கில் கிடைத்தால் அதையும் கேளுங்கள். குரல் மாறும், ஆர்.ஆரும் எஃபெக்ட்ஸும் அப்படியே இருக்கும். எது எந்த வரிசை என்று பிரிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

ஒளி அளவி:
கேமரா பக்கம் ஒரு எச்சரிக்கை. ‘லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், டாப் ஆங்கிள் என்றால் பலவீனம்’ என்று வாய்ப்பாடு எழுதாதீர்கள். முகத்தை மறைக்க வேண்டிய காட்சியில் லோ ஆங்கிளுக்கு வேறு காரணம் இருக்கும்: மேலே எரியும் டியூப்லைட் பின்னால் வந்து முகம் நிழலாகிவிடும். ‘டெலி லென்ஸ் பின்னணியை நெருக்குகிறது’ என்பதும் பாதி உண்மை. நெருக்குவது கேமரா நிற்கும் தூரம், லென்ஸ் அந்தத் தூரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. கேமராவின் ஷட்டர் கோணத்தையும் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி எவ்வளவு நேரம் விழுகிறது என்ற அளவு) கவனியுங்கள். வழக்கமான 180 டிகிரியில் ஓடும் கை கலங்கித் தெரியும். 90, 45 என்று குறைத்தால் ஒவ்வொரு துளியும் வெட்டி வைத்ததுபோல் நிற்கும், அசைவு துடிக்கும். 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் கடற்கரைச் சண்டையில் இதைச் செய்தார்கள், அங்கே இசையும் கிடையாது. உங்கள் காட்சியில் மழை கோடாக விழுகிறதா, புள்ளியாகவா?

அல்சூர் மாணவி:
எல்லாருக்கும் நன்றி. கையால் எண்ணியதில் 133 ஷாட். நுழைவு 85 விநாடிக்கு 11, கைச்சண்டை 90 விநாடிக்கு 58, துப்பாக்கி 65 விநாடிக்கு 61, கடைசி 20 விநாடிக்கு 3. போலிக் கட் முக்கால்வாசி துப்பாக்கிப் பகுதியில்தான் இருந்தன. மழை கைச்சண்டையில் கோடு, துப்பாக்கி வந்ததும் புள்ளி. முதல் குத்துக்கு முன்னால் மழைச்சத்தம் 14 ஃபிரேம் முழுக்க இல்லை! கையில் போடும் காப்பு கம்பியில் உரசும் ஒலி ஒன்று 48ஆவது விநாடியிலேயே வருகிறது, அப்போது திரையில் வெறும் குடோன் ஷட்டர்தான். கடைசி ஷாட்டில் அவர் கையில் காப்பு இருக்கிறது. இதை எங்கே எழுதுவது?

ஆர்.ஆர். அறை:
முதல் பத்தியில் எழுதுங்கள் தங்கச்சி, கட்டுரையே அதுதான். அந்தக் காப்பு மொத்தம் எத்தனை முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் திரையில் என்ன ஷாட், ஒலி இடது பக்கமா வலது பக்கமா, கிட்டத்திலா எதிரொலியோடு தூரத்திலா என்று வரிசைப்படுத்துங்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குள் அது புதைந்துபோனால் அந்த விநாடியையும் குறியுங்கள். 133 ஷாட் அட்டவணையைப் பின்னிணைப்பில் வையுங்கள், கட்டுரைக்குள் ஐந்தாறு ஃபிரேம் படம் போதும். அதில் ஒன்று 48ஆவது விநாடி ஷட்டராக இருக்கட்டும்.