முத்தியால்பேட்டையில் ஒரு ஹைட்ரேஞ்சியா

2022 ஜனவரியில் நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து, இரண்டு நீலப் பூக்கொத்துகளும் இன்னும் விரியாத ஓர் அரும்புக்கொத்தும் தாங்கிய ஹைட்ரேஞ்சியாச் செடியைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வாங்கி வந்தேன். பிரான்சில் நெடுங்காலம் வாழ்ந்து ஊர் திரும்பிய என் பெரியப்பா அதைக் கண்டதும், அதன் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லி, "ஓர்த்தான்சியா! இது எப்படியம்மா இங்கே வந்தது?" என்று கேட்டு, அங்கே கடலோர ஊர்களில் வீட்டு மதிலை ஒட்டி அது புதர்புதராக நிற்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

காலை பத்து மணி வெயிலுக்கே அதன் இலைகள் துவண்டு தொங்கியதால், நீர் போதவில்லை என்றெண்ணி நாளுக்கு மூன்று முறை ஊற்றினேன். ஒரே மாதத்தில் தொட்டியிலிருந்து வேர் அழுகும் வாடை எழுந்தது. அகன்ற இலைகள் வேர் உறிஞ்சுவதைவிட விரைவாக நீரை ஆவியாக்குவதால் வெயிலில் துவள்கின்றன. பொழுது சாய்ந்தால் தாமே நிமிர்ந்துகொள்ளும். மாலையிலும் நிமிராமல், விரல் விட்டுப் பார்த்தால் மண்ணும் உலர்ந்திருந்தால் மட்டுமே இப்போது நீர் விடுகிறேன். செம்மண், மக்கிய சாண எரு, உப்புப் போக இருமுறை அலசிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து புதுத் தொட்டிக்கு மாற்றி, காலை ஒன்பது மணி வரை மட்டும் வெயில் படும் கிழக்குச் சுவரோரம் வைத்த பிறகே செடி தேறியது.

எஞ்சியிருந்த அரும்புக்கொத்து வெளிர் சிவப்பாக விரிந்தது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. மண்ணில் அமிலத்தன்மை மிகுந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறிப் பூவை நீலமாக்குகிறது. எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு அதைத் தடுத்திருக்க வேண்டும். அதனால் ஐப்பசி மழைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்து ஊற்றத் தொடங்கினேன். படிக்காரக் கரைசலும் நீலத்தைத் தரும், ஆனால் அளவு மிஞ்சினால் வேர் கெடும்.

அதன் பிறகு என் செடி பூக்கவேயில்லை. மல்லிகைக்குச் செய்வதுபோல் மார்கழியில் கவாத்து செய்தது முதல் பிழை. இந்த வகையில் அடுத்த பூவுக்கான மொட்டு முந்தைய ஆண்டுத் தண்டின் நுனியிலேயே உருவாகிறது. மறு ஆண்டு வெட்டாமல் விட்டும் பயனில்லை. கணுவோடு நறுக்கி மணலில் வேர்பிடிக்க வைத்த குச்சி ஒன்றைக் குன்னூரிலிருக்கும் அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். அது 2024 மே மாதம், தேயிலை விளையும் அந்தப் புளிப்பு மண்ணில், கருநீலமாகப் பூத்தது. மொட்டு பிடிக்க ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் சில வாரங்களாவது தொடர்ந்து வேண்டும் என்பதும், எங்கள் ஊர் மார்கழி இரவுகூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தன.

இலையில் நஞ்சு உண்டு. ஆடு வளர்ப்பவர்கள் செடியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இவ்வாண்டு தொட்டியையே கார்த்திகையில் குன்னூருக்கு அனுப்பி, மொட்டு கட்டிய பிறகு பெரியப்பாவின் அறை ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து வைக்க எண்ணியிருக்கிறேன்.