தண்டவாளத்தில் தண்ணீர் சொட்டும் வண்டி எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட் அருகே இருவர் தண்டவாளத்தின் மேல் சின்ன வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எதற்கு?

பதில்: தம்பி, அது அல்ட்ராசோனிக் சோதனை; காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசலைத் தேடுவது. நான் பல வருடம் தள்ளிய வண்டி. ஒலியை அனுப்பி வாங்கும் புரோபுக்கும் இரும்புக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே இறங்காது, அதற்குத்தான் தண்ணீர். நேர்க்கீழே போகும் ஒலி, படுக்கையாக உள்ள பிளவைக் காட்டிவிடும். தண்டவாளத் தலையை, அதாவது சக்கரம் ஓடும் மேல்பாகத்தை, குறுக்கே அறுக்கும் விரிசல் அதற்குச் சிக்காது. அதற்கு 70 டிகிரி சாய்ந்த புரோப் வேண்டும். ஒரு மார்கழி விடியலில் கருவியின் திரையில் கோடு எழுந்தது, உள்ளே விரிசல் இருப்பதற்கு அறிகுறி. விரலால் தடவினேன், கண்ணாடி மாதிரி வழவழப்பு. துணியால் துடைத்து மறுபடி ஓட்டினேன். அதே இடம், அதே கோடு. பெயின்ட் அடித்துக் குறி போட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இன்னொருவர்: வெல்டிங் இருக்கும் இடத்திலும் இதே வண்டிதானா, ஐயா?

பதில்: வண்டி மட்டும் போதாது. மேலிருந்து இறங்கும் ஒலி அடிப்பாகத்தின் இரு ஓரங்களுக்கும் எட்டாது. அங்கே குனிந்து உட்கார்ந்து, கையால் புரோப் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் ஒரு வெல்டைக்கூட விடக்கூடாது.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி ஐயா. அடுத்த முறை அவர்களைப் பார்த்தால் மோர் கொடுக்கிறேன்.