பல ஊருக்கு ஒரே ஊராட்சி: ஜெர்மனி செய்தது சரியா?

மருதன்:
ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 1970-களில் ஊராட்சிகளை இணைத்தார்கள். சுமார் 7,000 இருந்தது 2,000 சொச்சமாகச் சுருங்கியது. எர்மர்ஸ்ஹவுசன் என்ற சிற்றூரைப் பக்கத்து மரோல்ட்ஸ்வைசாக்கோடு சேர்த்தபோது ஊரார் ஒப்பவில்லை. அலுவலகத்துக்குக் காவல் இருந்தார்கள். 1978 மே 19 விடியற்காலையில் பல நூறு போலீசார் உள்ளே புகுந்து கோப்புகளை எடுத்துப் போனார்கள். நாலு அலமாரிக் கோப்புக்கு இத்தனை படையா? இதையா சீர்திருத்தம் என்கிறீர்கள்?

கயல்:
போலீசை அனுப்பியது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் இணைப்பு தப்பில்லை மருதன். சில நூறு பேர் உள்ள ஊர் தன் வரியில் கழிவுநீர்க் குழாய் போட்டு, பள்ளி நடத்தி, கட்டட விதி தெரிந்த ஊழியரையும் வைத்துக்கொள்ள முடியுமா? நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் 1.8 கோடிப் பேருக்கு 396 ஊராட்சிகள்தான். ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் 40 லட்சம் பேருக்குச் சுமார் 2,300!

மருதன்:
அந்த 2,300 எனக்குத்தான் சாட்சி. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் சொந்த மன்றம் உண்டு. மேயர் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே பொறுப்பையும் சுமக்கிறார். எழுத்து வேலைக்கு மட்டும் பல ஊருக்குப் பொதுவாக ஓர் அலுவலகம்.

தணிகை:
கார்டலேகன் நகரத்தையும் பாருங்கள். சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில் 2011 ஜனவரி 1 அன்று 18 ஊராட்சிகளை அதில் சேர்த்தார்கள். இப்போது பரப்பு 632 சதுர கிலோமீட்டர், மியூனிக்கைப் போல இருமடங்கு. பரப்பில் அதைவிடப் பெரியவை பெர்லினும் ஹாம்பர்க்கும்தான். மக்களோ இருபதாயிரத்துச் சொச்சம். சேர்த்த ஊர்களின் குழுக்களிடம் கருத்துக் கேட்பார்கள், சரி. பட்ஜெட்டை முடிவு செய்வது நகர மன்றம்தானே?

கயல்:
கார்டலேகன் அளவு மீறிப் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீயணைப்பை யோசியுங்கள். கிராமங்களில் அது தொண்டர் படை. பகலில் பாதிப் பேர் வெளியூரில் வேலையில் இருப்பார்கள். சைரன் ஒலித்தால் வண்டி ஏற ஆள் வேண்டுமே! நாலு ஊர் சேர்ந்தால்தான் ஒரு வண்டி கிளம்பும். அப்புறம், எர்மர்ஸ்ஹவுசன் 1994 ஜனவரி 1-இல் மீண்டும் தனி ஊராட்சி ஆனது. ஆனாலும் அதன் அலுவலக வேலை ஹோஃப்ஹைமில் உள்ள கூட்டு நிர்வாகத்தில்தான் நடக்கிறது.

மருதன்:
நடக்கட்டும். அலுவலகம் ஹோஃப்ஹைமில் இருப்பது எனக்கு உறுத்தவில்லை. எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்த நிலத்தில் வீடு என்று கை தூக்கி முடிவு செய்வது அந்த ஊர்க்காரர். அதற்காகத்தான் பதினைந்து வருஷத்துக்கு மேல் விடாமல் நின்றார்கள்.

கயல்:
விளக்குக்குச் சரி. கழிவுநீரையும் தீயணைப்பையும் ஊர் ஊராகப் பிரித்துவிடக் கூடாது. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.