ஹேவ்லாக் தீவில் மூன்று நாள்: முழங்கால் வலியுள்ள தாயாரை எந்தக் கடற்கரைப் பக்கம் தங்கவைக்கலாம்?

நகரித் தறிக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். சங்கராந்தியை ஒட்டித் தறிகள் ஓடாத ஒரு வாரம் கிடைப்பதால், சென்னையிலிருந்து விமானத்தில் அந்தமானின் போர்ட் பிளேர் சென்று, அங்கிருந்து படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் மூன்று இரவுகள் தங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். என்னுடன் மனைவியும், 12 வயது மகளும், 7 வயது மகனும், 71 வயதான தாயாரும் வருகிறார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு வலது காலில் எலும்பு முறிந்தபோது புத்தூர்க் கட்டுதான் போட்டோம். எலும்பு கூடிவிட்டது என்றாலும், முழங்கால் வலி நிலைத்துவிட்டதால் படி ஏறி இறங்கச் சிரமப்படுகிறார்.

அம்மா மெரினாவில் தூர நின்று அலையைப் பார்த்தவரே தவிர, கடல் நீரில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அந்த ஆசைக்காகத்தான் இந்தப் பயணமே. தீவின் கிழக்குக் கரையில் விஜயநகர் பக்கம், அறை வாசலிலேயே நீலக் கடல் தெரிகிற விடுதிப் படங்களைப் பார்த்தோம். மேற்கே ராதாநகர் பக்கம் விடுதிகள் குறைவு, வாடகையும் அதிகம். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. எந்தப் பக்கம் தங்குவது நல்லது? மகன் வேறு, கடலில் நீந்தும் யானையை எங்கோ படத்தில் பார்த்துவிட்டு அதைக் காட்டச் சொல்லி அடம்பிடிக்கிறான்.

புத்தூர் ஓய்வாசிரியை எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்த படங்கள் பொய்யல்ல. ஆனால் அவை கடல் ஏறி நிற்கும் நேரத்தில் எடுத்தவை. நானும் என் அக்காவும் அப்படிப்பட்ட படத்தை நம்பித்தான் விஜயநகர் கரையில் அறை எடுத்தோம். காலையில் வாசல் தென்னைக்குச் சற்று அப்பால் தளும்பிய நீர், மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோது கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு விலகியிருந்தது. நடுவில் பாறையும் உடைந்த பவளமும் பாசியும் மட்டுமே கிடந்தன. அவற்றின்மேல் செருப்பில்லாமல் ஓர் அடியும் வைக்க முடியாது. முழங்கால் வலியுள்ளவர் செருப்பு அணிந்திருந்தாலும் அங்கே இறங்கவே கூடாது.

காரணம் எளிது. அங்கே ஒரு நாளில் கடல் இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். இந்த நேரமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கிழக்குக் கரையில் பவளப் பாறைத் தளம் ஆழமின்றிப் பரந்திருப்பதால், நீர்மட்டம் சற்று இறங்கினாலே கடல் வெகுதூரம் போய்விட்டதுபோல் தோன்றும். ராதாநகரிலும் கடல் வற்றத்தான் செய்கிறது. ஆனால் அங்கே முழுவதும் மாவு போன்ற வெள்ளை மணலாக இருப்பதால், எந்த நேரத்திலும் காலில் கல் தட்டாமல் நீர் விளிம்பு வரை நடந்து போகலாம்.

நம் வீட்டுப் பஞ்சாங்கமே இதற்குப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும்; அட்டமிக்குப் பிந்தைய ஓரிரு நாள்களில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, கடல் ஓரளவு ஒரே நிலையில் நிற்கும். சங்கராந்தித் தேதி மாறாவிட்டாலும் திதி ஆண்டுதோறும் மாறுவதால், இந்த முறை உங்கள் மூன்று நாள்கள் எந்தத் திதியில் விழுகின்றன என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

நம் கடிகாரத்தை நம்பி மாலைப் பொழுதைக் கோட்டை விடாதீர்கள். நாட்டுக்கு ஒரே மணிக்கணக்கு இருந்தாலும், அந்தத் தீவு நகரிக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருப்பதால் சூரியன் நம் ஊரைவிட முக்கால் மணி நேரத்துக்கும் முன்பே மறைகிறது. ஜனவரி நடுவில் ஐந்தே கால் மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். மூன்றரை மணிக்கே ராதாநகரில் அம்மாவை உட்கார வைத்துவிடுங்கள். என் அக்கா அங்கே கணுக்கால் அளவு நீரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மிளகு அளவிலான நண்டுகள் தின்ற மணலைச் சிறுசிறு உருண்டைகளாக்கி அவரைச் சுற்றிக் கோலம் போல் பரப்பியிருந்தன. கையை ஊன்றினால் கலைந்துவிடும் என்று எழுந்திருக்கவே மறுத்தார்.

சித்தூர் மின்பணியாளர் எழுதியது:

போர்ட் பிளேரில் ஒன்பது ஆண்டுகள் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலையில் இருந்தவன் என்பதால், டீச்சர் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். 2018இல் ஹேவ்லாக் ‘சுவராஜ் தீவு’ என்றும், 2024இல் போர்ட் பிளேர் ‘ஸ்ரீ விஜயபுரம்’ என்றும் பெயர் மாற்றப்பட்டன. சீட்டில் புதுப் பெயரைக் கண்டால் திகைக்க வேண்டாம். இந்தியர்களுக்கு அந்தத் தீவுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆதார் போன்ற அடையாள அட்டை மட்டும் எல்லோருக்கும் வேண்டும். தனியார் விரைவுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் ஆகும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்க மூன்று நாள் எடுக்கும் என்பதால் உங்களுக்கு அது சரிப்படாது.

பெரிய படகில் ஏறக் கைப்பிடியுள்ள பலகை இருக்கும். அம்மாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏற்றிவிடலாம். அதே தீவிலுள்ள எலிஃபண்ட் கடற்கரைக்குப் போகும் சிறு படகு அப்படியல்ல. அங்கே நீரில் இறங்கித்தான் கரையேற வேண்டும், காட்டு வழியும் வழுக்கும். ஆகவே அங்கே நீங்களும் பிள்ளைகளும் மட்டும் போய்வாருங்கள். நீச்சல் தெரியாதவர்களை ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பவளமும் மீனும் காட்டுவார். மகள் தைரியமாக இறங்கலாம். தம்பி, உங்கள் மகனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: நீந்தும் யானை ராஜன் 2016இல் இறந்துவிட்டது. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைகளில் ஒன்று அது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகரை ஒட்டிய ஒதுக்குப்புறக் கழிப் பகுதியில் நீரில் இறங்கியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. காவலர்கள் இருக்கும் திறந்த கடற்கரையில் மட்டும் இறங்குங்கள், ஓடை கடலில் கலக்கும் இடத்தையும் ஆளில்லாத மூலைகளையும் தவிருங்கள், இருட்டி விசில் ஊதியதும் எழுந்து வந்துவிடுங்கள்.

மொழிக்குக் கவலையே வேண்டாம். தீவில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர் என்றாலும், தமிழும் தெலுங்கும் பேசுபவர் எவராவது எதிர்ப்படாமல் இரார். நம்மைப் போல் இரண்டும் தெரிந்தவர்களுக்கு ஆட்டோ பேரம் எளிது! உணவில் கடுகெண்ணெய் ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்த 2020க்குப் பிறகு கைபேசி இணையம் எவ்வளவோ தேறியிருக்கிறது. இருந்தாலும் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

திருத்தணியிலிருந்து ஒருவர்:

திரும்பும் படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்கவே வைக்காதீர்கள். நாங்கள் அப்படி வைத்தோம். காலைப் படகு இயந்திரக் கோளாறு என்று சொல்லி நிறுத்தப்பட்டது, மாலைப் படகில் இடமில்லை, விமானம் போய்விட்டது. ஐந்து பேருக்கும் மறுநாள் சீட்டு வாங்கியதில் என் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. படகுப் பணம் திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. அதுவும் நான்கு பேருக்கு மட்டுமே வந்தது. ஐந்தாவது சீட்டைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை. கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழியுங்கள்.

பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவருவதற்குத் தடை உண்டு, விமான நிலையத்திலும் பிடுங்கிவிடுவார்கள். என் மகன் பைக்குள் ஒளித்து வைத்திருந்த ஒன்று நள்ளிரவில் அறைத் தரையில் தானாக நடந்துபோயிற்று. உள்ளே நண்டு குடியிருந்திருக்கிறது. என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து அறை விளக்குகளும் எரிந்தன.

நகரித் தறிக்காரர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஹேவ்லாக்கில் இரண்டு இரவுகள், போர்ட் பிளேரில் ஓர் இரவு என்று மாற்றிவிட்டோம். ராதாநகர் பக்கம் வாடகை கட்டுப்படியாகாததால் கிழக்குக் கரையிலேயே தங்கி, இரண்டு மாலையும் ஆட்டோவில் ராதாநகர் போவதாக முடிவு. இப்போது ஒரே ஒரு சிக்கல்தான்: டீச்சர் சொன்னபடி அட்டமிக்கு மறுநாள் ஹேவ்லாக்கில் இருக்கும்படி தேதி பார்த்தேன். அட்டமியில் வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிறார் அம்மா.

புத்தூர் ஓய்வாசிரியை எழுதியது:

சப்தமியன்றே வீட்டை விட்டுக் கிளம்பி, சென்னையில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கிவிடுங்கள் தம்பி. என் அக்காவையும் அப்படித்தான் அழைத்துப் போனேன்.